மராமத்து நின்றுபோன நாடுகள்

லிபியாவின் கிழக்குக் கடற்கரையில் டெர்னா என்றொரு நகரம். மலையிலிருந்து இறங்கும் ஒரு பள்ளம் நகரை இரண்டாகப் பிளந்துகொண்டு கடலில் போய்ச் சேர்கிறது. ஆறு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். அந்தப் பள்ளத்தின் குறுக்கே 1970களில் ஒரு யூகோஸ்லாவிய நிறுவனம் இரண்டு அணைகளைக் கட்டிக் கொடுத்தது. நகருக்கு 13 கிலோமீட்டர் மேலே அபு மன்சூர் அணை, உயரம் சுமார் 75 மீட்டர். நகரின் தலைமாட்டிலேயே அல்-பிலாத் அணை, 45 மீட்டர். இரண்டும் களிமண்ணையும் கல்லையும் குவித்து எழுப்பியவை. இந்த வகை அணைகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் தலைக்குமேல் வழியத் தொடங்கினால் அணையே கரைந்துபோகும்.

1998-லேயே விரிசல் தெரிந்துவிட்டது. 2007-ல் ஒரு துருக்கி நிறுவனத்துடன் பழுதுபார்க்க ஒப்பந்தம் போட்டார்கள். வேலை தொடங்கியது 2010-ல். சில மாதங்களில் 2011 கிளர்ச்சி வெடித்தது, வேலைக்கு வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அதன்பிறகு யாரும் திரும்பி வரவில்லை. நாட்டில் இரண்டு அரசாங்கங்கள் முளைத்தன, டெர்னா தீவிரவாதக் குழுக்களின் கையில் சிக்கியது, பிறகு முற்றுகை, பிறகு சண்டை. 2022-ல் ஒமர் அல்-முக்தார் பல்கலைக்கழக நீரியல் ஆய்வாளர் ஒருவர், பெரிய வெள்ளம் வந்தால் இந்த அணைகள் நகரையே பலி வாங்கும் என்று கட்டுரை எழுதி எச்சரித்தார். படிக்க வேண்டியவர்கள் யார், எந்த அரசாங்கம் என்பதே தெளிவில்லாத நேரம் அது.

2023 செப்டம்பர் 10-ல் டேனியல் புயல் வந்தது. பக்கத்து ஊரான அல்-பைதாவில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை. விடிவதற்குள் இரண்டு அணைகளும் போய்விட்டன. நகரின் கணிசமான பகுதியைத் தண்ணீர் கடலுக்கு இழுத்துச் சென்றது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில், காணாமல் போனவர்களும் ஆயிரக்கணக்கில்.

அன்று டெர்னாவில் ஒரு குண்டுகூட விழவில்லை. இருந்தும், 12 ஆண்டுப் போர் இல்லாமல் அந்த இரவைப் புரிந்துகொள்ள முடியாது. காலநிலை மாற்றத்துக்கும் பங்கு உண்டு. லிபியாவில் அப்படியொரு மழைக்கான வாய்ப்பை அது 50 மடங்குவரை கூட்டியிருக்கலாம் என்று வானிலைக் காரணங்களை ஆராயும் விஞ்ஞானிகள் குழு சில நாட்களிலேயே கணக்கிட்டது. ஆனால் மழையைப் பேரழிவாக மாற்றியது, செய்யப்படாமல் விட்ட மராமத்து. அந்தச் சொல் நமக்கு அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. டெர்னாவுக்கும் அது அந்நியமான சொல் இல்லை.

போரும் சுற்றுச்சூழலும் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வேறு காட்சிகள். வியட்நாம் காடுகள்மீது 1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தெளித்த களைக்கொல்லி, 1991-ல் குவைத்தில் தீவைக்கப்பட்ட 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள். அவை பயங்கரமானவைதான், மறுக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்து நூறாண்டு கடந்தும் பிரான்சின் வெர்டனுக்கு அருகே ஒரு காட்டுத் திட்டில் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. 1920களில் மிச்சமிருந்த இரசாயனக் குண்டுகளைக் கொண்டுவந்து எரித்த இடம் அது. அந்த மண்ணை எடுத்துச் சோதித்தால் சில மாதிரிகளில் எடைக்கு 17 சதவீதம் ஆர்செனிக். நூறு கிராம் மண்ணில் பதினேழு கிராம் விஷம்.

ஆனாலும் இந்த வகைச் சேதத்துக்கு ஒரு இடம் இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது. வேலி போடலாம், பலகை வைக்கலாம். பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் இழுக்கும் போர்களின் சேதத்தை அப்படிச் சுட்டிக்காட்ட முடியாது. தினமும் யாரோ செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோவதுதான் அங்கே சேதம். மதகைத் திறக்கிறவர், மழைமானியைப் படிக்கிறவர், காட்டைச் சுற்றி வருகிற காவலர், கழிவுநீர் பம்புக்கு எண்ணெய் போடுகிறவர் எல்லாரும் காணாமல் போகிறார்கள். காலநிலைத் தாங்குதிறன் என்று மாநாடுகளில் பேசப்படுவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஆட்கள்தான் தென்படுவார்கள்.

இதற்கு எதிர்ப்புறமாக ஒரு கதை, ஏமனிலிருந்து. செங்கடலில் ராஸ் ஈசா அருகே 1988 முதல் சேஃபர் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் மிதக்கும் கிடங்காக நங்கூரமிட்டிருந்தது. 1976-ல் கட்டியது, ஒற்றைச் சுவர் கொண்டது. 2015-ல் போர் முற்றியதும் பராமரிப்பு அடியோடு நின்றது. உள்ளே 11 லட்சம் பீப்பாய்க்கு மேல் கச்சா எண்ணெய். எண்ணெய்த் தொட்டிகளின் மேற்பகுதியில் தீப்பிடிக்கும் ஆவி சேராமலிருக்க மந்த வாயுவைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கொதிகலன் ஓட வேண்டும், கொதிகலனுக்கு எரிபொருள் வேண்டும். அது தீர்ந்துபோனது. 2020 மே மாதம் ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்து எஞ்சின் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. கப்பலிலிருந்த சிலரும் முக்குளிப்பவர்களும் சேர்ந்து ஓட்டையை அடைத்தார்கள். உலகத்தின் மிக மோசமான எண்ணெய்க் கசிவுகளில் ஒன்று அன்று ஒரு ஒட்டுப்போட்ட குழாயால் தள்ளிப்போனது என்று சொன்னால் மிகையில்லை.

கடைசியில் ஐ.நா. வேறு கப்பலை விலைக்கு வாங்கி, 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எண்ணெயை மாற்றியது. பணத்துக்கு நாடுகளிடம் கையேந்தியதோடு பொதுமக்களிடமும் திரட்டினார்கள். கசிந்திருந்தால் சுத்தம் செய்ய மட்டும் 2,000 கோடி டாலர் ஆகியிருக்கும் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. தடுத்த செலவு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் எட்டு ஆண்டு பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் கப்பலுக்குள் யார் காலெடுத்து வைக்கலாம் என்பதே போரிடும் தரப்புகளுக்கு ஒரு பேரம்.

பிழைப்பதற்கான வழிகள்

அரசு இல்லாத இடத்தில் மக்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அடுப்பெரிய வேண்டும், விளக்கெரிய வேண்டும், தண்ணீர் வேண்டும். இந்தத் தேவைகள் நிலத்தின்மேல் எப்படி இறங்குகின்றன என்பதைப் பார்க்காமல் நீண்ட போரின் சேதத்தைக் கணக்கிட முடியாது.

சிரியாவின் வடகிழக்கில் போர்க்காலத்தில் முளைத்த எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கிடங்குகளை எடுத்துக்கொள்வோம். சுத்திகரிப்பு ஆலை என்ற சொல் அதற்குப் பெரிது. ஒரு இரும்புத் தொட்டி, அதில் கச்சா எண்ணெய், அடியில் அதே எண்ணெயின் கழிவை எரித்துத் தீ. தொட்டியிலிருந்து ஒரு குழாய் தண்ணீர்க் குழி வழியாகப் போகும். குழிக்குள் ஆவி குளிர்ந்து முதலில் பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய், பிறகு டீசல் என்று மறுமுனையில் சொட்டும். மிச்சம் கிடக்கும் தாரைப் பக்கத்து நிலத்தில் கொட்டிவிடுவார்கள். தொட்டியைச் சுரண்டிக் கழுவ உள்ளே இறங்குபவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். இப்படி ஆயிரக்கணக்கில் இருந்தன. கரும்புகை, எண்ணெய் ஊறிய வயல், கெட்டுப்போன ஓடை. இதில் வில்லன் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அந்த டீசலில்தான் ஆம்புலன்சும் ஓடியது.

சோமாலியாவில் 1991-ல் அரசு சரிந்தபின் கருவேல இனத்தைச் சேர்ந்த பெரிய மரங்கள் கரியாகி வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறின. அவை வறண்ட நிலத்தில் மெல்ல மெல்ல வளர்பவை, வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆயுதக் குழுக்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று வரி வசூலித்தன. 2012-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை சோமாலியக் கரி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது, கடத்தல் நடந்துகொண்டுதான் இருந்தது. மரம் போன இடத்தில் மண் இறுகுகிறது, பெய்கிற மழையும் ஓடிப்போகிறது. 2020 இறுதியிலிருந்து அடுத்தடுத்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. 2023 கடைசியில் மழை கொட்டியபோது அது வெள்ளமாக வந்தது. வறட்சியைத் தாங்கவும் வெள்ளத்தைத் தாங்கவும் அந்த நிலத்துக்கு இருந்த பிடிப்பு முப்பது ஆண்டுகளில் தேய்ந்துவிட்டது.

ஏமனில் இன்னொரு விசித்திரம். போரினால் டீசல் கிடைக்காமலும் விலை எகிறியும் போக, விவசாயிகள் சூரியசக்தி பம்புக்கு மாறினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேறு நாடாக இருந்தால் விருது கொடுத்திருப்பார்கள். ஆனால் டீசல் பம்புக்கு ஒவ்வொரு மணி நேரமும் செலவு, அதனால் கை தானாக அளந்து இறைக்கும். சூரியன் இருக்கும்வரை இலவசம் என்றால் யார் நிறுத்துவார்கள்? கிணறுகளுக்கு உரிமம், அளவு என்று கேட்க அதிகாரியும் இல்லை. ஏற்கெனவே உலகின் மிகத் தண்ணீர்ப் பஞ்சமுள்ள நாடுகளில் ஒன்றான ஏமனின் நிலத்தடி நீர் மேலும் இறங்குவதைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. சுத்தமான தொழில்நுட்பத்தை வாங்கி வைத்துவிட்டாலே தாங்குதிறன் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு உதாரணத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

அளக்க ஆளில்லாத வானம்

வானிலைப் பதிவேடு என்பது அலுப்பூட்டும் விஷயம். தினம் ஒருவர் போய் மழைமானியைப் பார்த்து ஒரு எண்ணை எழுதிவிட்டு வருவார். அதை முப்பது, நாற்பது ஆண்டு விடாமல் எழுதினால்தான் ஓர் ஊரின் வழக்கமான மழை எவ்வளவு, எது அசாதாரணம் என்று சொல்ல முடியும். அணை கட்டவும் பயிர்க் காப்பீடு போடவும் வெள்ள எச்சரிக்கை விடவும் அடிப்படை அதுதான். ஆப்கானிஸ்தானிலும் சோமாலியாவிலும் போர் நடந்த பத்தாண்டுகள் இந்தப் பதிவேடுகளில் பெரிய ஓட்டைகளாகவே இருக்கின்றன. பின்னால் பணம் கொட்டி எத்தனை நிலையங்கள் வேண்டுமானாலும் திறக்கலாம். பெய்து முடிந்த மழையை இனி யாரும் போய் அளக்க முடியாது.

டெர்னா வெள்ளத்துக்குப் பிறகு உலக வானிலை அமைப்பின் அன்றைய பொதுச் செயலாளர் பெட்டேரி தாலஸ், லிபியாவில் ஒழுங்காக இயங்கும் வானிலைச் சேவை இருந்திருந்தால் பெரும்பாலான உயிரிழப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்றார். எச்சரிக்கை வந்தாலும் அதைச் சொல்பவரை நம்ப வேண்டும் என்பது அதற்கு அடுத்த சிக்கல். அன்றிரவு சிலரை வெளியேறச் சொன்னார்கள், சிலரை ஊரடங்கு என்று சொல்லி வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

கண்ணிவெடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஓர் உதாரணமே போதும். போஸ்னியாவில் போர் முடிந்தது 1995-ல். 2014 மே மாதம் பெருமழை, ஆயிரக்கணக்கான நிலச்சரிவுகள். அப்போதும் மண்ணுக்குள் சுமார் 1,20,000 கண்ணிவெடிகள் மிச்சமிருந்தன. வெள்ளம் வெடிகளை நகர்த்தியது, எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துச் சென்றது. இருபது ஆண்டாகப் பாதுகாப்பானது என்று குறித்து வைத்திருந்த வரைபடம் ஒரே வாரத்தில் பயனற்றுப்போனது. நெருப்புக்கும் இதே கதைதான். 2025 ஜூலையில் சிரியாவின் லட்டாகியா மலைக்காடுகள் பற்றியெரிந்தபோது, தீயணைப்பு வீரர்கள் பல இடங்களில் நெருங்க முடியாமல் நின்றதற்கு மண்ணுக்குள் கிடந்த வெடிகளும் ஒரு காரணம்.

இங்கே ஒரு எதிர்வாதம் அடிக்கடி வரும். போர் மனிதர்களை விரட்டுவதால் இயற்கை பிழைத்துக்கொள்கிறதே என்பார்கள். கொரியாக்களுக்கு நடுவே 1953 முதல் ஆள் நடமாட்டமில்லாத நாலு கிலோமீட்டர் அகலப் பட்டையில் செந்தலைக் கொக்குகள் இறங்குகின்றன, உண்மைதான். ஆனால் அங்கே நடந்தது போர் இல்லை, எழுபது ஆண்டு போர் நிறுத்தம். நிஜமாகவே சண்டை நடந்த காடுகள் எப்படியிருக்கும் என்று பார்க்க மொசாம்பிக்கின் கோரோங்கோசாவுக்குப் போக வேண்டும். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் யானைகளைச் சுட்டுத் தந்தத்தை விற்றன. பெரிய விலங்குகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒழிந்தன. ஆப்பிரிக்கப் பெண் யானைகளுக்குப் பொதுவாகத் தந்தம் இருக்கும். அங்கே போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் 18.5 சதவீதம், போருக்குப் பின் 51 சதவீதம். தந்தமில்லாதவை தப்பித்தன, அவற்றின் பெண் குட்டிகளில் பலவும் தந்தமில்லாமலே பிறந்தன. போர் ஒரு விலங்கின் மரபணுவிலேயே கைவைத்திருக்கிறது. இப்போது பூங்காவில் விலங்குகள் பெருகியிருக்கின்றன, ஆனால் பழைய விகிதத்தில் இல்லை. முன்பு எருமைகள் ஆண்ட வெளிகளில் இன்று வாட்டர்பக் என்ற மான் போன்ற விலங்குதான் எங்கும்.

காடு காக்கப்படுவதாகத் தெரிந்த இடங்களிலும் அது கடன் வாங்கிய பாதுகாப்புதான். கொலம்பியாவில் ஃபார்க் கெரில்லாக்கள் ஆண்ட அமேசான் பகுதிகளில் துப்பாக்கிக்குப் பயந்து மரம் வெட்டுவது அடங்கியிருந்தது. 2016-ல் சமாதானம் வந்தது, கெரில்லாக்கள் போனார்கள், அரசு அவர்கள் இடத்துக்கு வரத் தாமதித்தது. மாட்டுப்பண்ணைக்காரர்களும் நில அபகரிப்பாளர்களும் தாமதிக்கவில்லை. 2015-ல் சுமார் 1,24,000 ஹெக்டேராக இருந்த நாட்டின் காட்டழிப்பு 2017-ல் ஏறக்குறைய 2,20,000 ஹெக்டேரைத் தொட்டது.

காலநிலைதான் போர்களை மூட்டுகிறது என்ற வாதத்திலும் எனக்கு முழு உடன்பாடில்லை. சிரியப் போருக்கு 2006-லிருந்து வந்த வறட்சிதான் காரணம் என்று ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் எழுதினார்கள், ஆய்வாளர்களிடையே அது இன்றும் சண்டைக்குரிய விஷயம். வறட்சி சுமையைக் கூட்டியிருக்கும், சரி. ஆனால் எல்லாவற்றையும் வானத்தின்மேல் போட்டுவிட்டால் நிலத்தடி நீரை வீணடித்த கொள்கையும், கேள்வி கேட்டவனைச் சிறையில் தள்ளிய ஆட்சியும் தப்பித்துவிடும்.

பணமும் சட்டமும்

காலநிலைப் பாதிப்புக்கு அதிகம் இலக்காகும் 20 நாடுகளில் 12 நாடுகள் போரில் இருப்பதாக 2020-ல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் சுட்டிக்காட்டியது. அப்படியானால் தகவமைப்புக்கான நிதி அங்கேதான் அதிகம் போக வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2021 அறிக்கை கணக்கிட்டபடி, மிகவும் நொறுங்கிய நிலையிலுள்ள நாடுகளுக்குப் பன்னாட்டுக் காலநிலை நிதிகளிலிருந்து தலைக்கு 2.1 டாலர் போயிருக்கிறது. நிலையான நாடுகளுக்குத் தலைக்கு 161.7 டாலர். காரணம் கெட்ட எண்ணம் இல்லை, படிவம்தான். நிதி கேட்க வேண்டுமானால் முப்பது ஆண்டு வானிலைத் தரவு, தணிக்கை செய்த கணக்கு, பத்து ஆண்டு நிற்கக்கூடிய அமைச்சகம் எல்லாம் வேண்டும். போர் முதலில் விழுங்குவதே இவற்றைத்தான். 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் இதைச் சரிசெய்வோம் என்று பல நாடுகள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. அது கட்டாயப்படுத்தும் ஆவணம் இல்லை.

உமிழ்வுக் கணக்கிலும் போர் ஒளிந்துகொள்கிறது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இராணுவ உமிழ்வை அறிவிப்பது நாடுகளின் விருப்பம். உலக உமிழ்வில் சுமார் 5.5 சதவீதம் இராணுவங்களுடையது என்ற 2022 மதிப்பீடு வெளியார் போட்ட கணக்கு, அரசுகள் கொடுத்ததல்ல. உக்ரைன் போரின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு 23 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு அளவு என்று ஒரு நிபுணர் குழு கணக்கிட்டது. அதில் எரிபொருள் மட்டுமல்ல, எரிந்த காடும் மறுபடி கட்ட வேண்டிய கட்டடங்களின் சிமென்ட்டும் சேர்த்தி.

சட்டம் இல்லாமலில்லை. ஆனால் ஒரு சின்னச் சொல்லில் அது வழுக்கிப்போகிறது. வியட்நாமில் அமெரிக்கா மேகங்களில் இரசாயனம் தூவி மழையை நீட்டிக்க முயன்றது வெளியானபின், 1976-ல் சூழலை ஆயுதமாக்குவதைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. பரவலான, நீண்டகால, அல்லது கடுமையான விளைவு இருந்தால் போதும், குற்றம். அடுத்த ஆண்டே ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு ஒரு கூடுதல் நெறிமுறை சேர்ந்தது. அங்கே பரவலான, நீண்டகால, மற்றும் கடுமையான சேதம். 'அல்லது' போய் 'மற்றும்' வந்துவிட்டது. மூன்றும் ஒருசேர நிரூபணமாக வேண்டும், நீண்டகாலம் என்றால் பல பத்தாண்டுகள். அதுவும் நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான். இன்று இழுத்துக்கொண்டிருக்கும் போர்களில் பல உள்நாட்டுப் போர்கள்.

பணம் கைமாறிய பெரிய உதாரணம் குவைத். ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து மொத்தம் 5,240 கோடி டாலர் வசூலித்தது, கடைசித் தவணை 2022 ஜனவரியில். சூழல் சேதத்துக்கு ஒதுக்கியது அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 530 கோடி. அது சாத்தியமானதற்குக் காரணம் எளிது. தோற்ற நாட்டிடம் எண்ணெய் இருந்தது, பாதுகாப்பு அவை ஒருமித்து நின்றது. சோமாலியாவின் மரங்களுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

மீட்சி நடக்காமலும் இல்லை. தெற்கு ஈராக்கின் பெரும் சதுப்பு நிலங்களை 1990களில் சதாம் உசேன் அரசு, கிளர்ச்சிக்காரர்கள் ஒளிகிறார்கள் என்று சொல்லி, வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டது. பத்தில் ஒன்பது பங்கு காய்ந்தது. 2003-ல் ஆட்சி விழுந்ததும் அங்கத்து மக்கள் எந்தத் திட்ட அறிக்கைக்கும் காத்திராமல் மண்வெட்டியோடு போய்க் கரைகளை உடைத்தார்கள். நாணலும் மீனும் எருமையும் திரும்பின. 2016-ல் அது உலகப் பாரம்பரிய இடமானது. ஆனால் மேலே துருக்கியிலும் சிரியாவிலும் அணைகள், மழையும் குறைவு. தண்ணீர் பங்கீட்டுக்குப் பேச வேண்டிய ஆண்டுகளில் ஈராக் ஒரு போரிலிருந்து இன்னொரு போருக்குப் போய்க்கொண்டிருந்தது. சதுப்பு மறுபடி காய்கிறது, எருமை வளர்த்தவர்கள் நகரங்களுக்குப் போகிறார்கள்.

உக்ரைனில் இன்னும் முடிவு தெரியாத ஒன்று நடக்கிறது. 2023 ஜூன் 6-ல் ககோவ்கா அணை உடைந்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த ஏரி சில நாட்களில் வடிந்தது. கீழே ஊர்கள் மூழ்கின, மேலே பாசனமும் குடிநீரும் போயின. சேறு காய்ந்ததும் வில்லோ, பாப்லர் விதைகள் முளைத்தன. அடுத்த ஆண்டே ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. 1950களில் அணை கட்டுவதற்குமுன் அங்கே இருந்த ஆற்றுக்காடு திரும்புகிறது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள் சில சூழலியலாளர்கள். தொழிற்சாலைகளிலிருந்து பல பத்தாண்டுகளாக வந்து படிந்த கன உலோகங்கள் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன, பாசனத்துக்கும் வேறு வழியில்லை, அணையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். எந்தப் பக்கம் முடிவெடுப்பதானாலும் முதலில் அளக்க வேண்டும். வடகரையில் ஷெல் விழாத நாளாகப் பார்த்து இறங்கி மரங்களை எண்ணுகிறார்கள். தென்கரை ரஷ்யப் படையின் கையில் இருக்கிறது, அங்கே என்ன வளர்கிறது என்று பார்க்கச் செயற்கைக்கோள் படங்கள்தான்.